90-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறதா? லோயர் ஆர்ம் மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

புது டயர் போட்ட ஒரு காரில் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. 90-க்குக் கீழே ஒன்றும் தெரியாது. 90 முதல் 110 வரை ஸ்டீயரிங் இடமும் வலமுமாகப் படபடக்கும். 120-ஐ நெருங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். டயர் போட்ட அதே இடத்துக்கே வண்டி திரும்பப் போனது. முதலில் மறுபடியும் அலைன்மென்டும், சக்கரத்தின் எடையை எல்லாப் பக்கமும் சமப்படுத்தும் பேலன்சிங்கும் செய்தார்கள். அடுத்த முறை இரண்டு பக்க லோயர் ஆர்மும் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) டை ராட் எண்டும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) மாறின. அதற்கும் அடுத்து முன் டிஸ்க்கும் பேடும். உதறல் அப்படியே இருந்தது. கடைசியில் ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) போய்விட்டது, அதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தக் கட்டத்தில்தான் வண்டி வேறு மெக்கானிக்கின் கைக்குப் போனது. கோளாறு இரண்டு முன் சக்கரங்களிலும் இருந்தது. இரண்டுமே டயர் மாற்றும்போது அந்தக் கடையில் உண்டானவை. ஒரு ஜோடி பிளாஸ்டிக் வளையமும் முறையான பேலன்சிங்கும் போதுமானதாக இருந்தன.

இதே வரிசையில் பாகங்களை விற்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அதனால் அந்த பில்லில் இருந்த ஒவ்வொரு வேலையும் இந்த அறிகுறிக்கு ஏன் பொருந்தாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சீரான வேகத்தில், பிரேக்கைத் தொடாமல் போகும்போது வரும் அதிர்வைச் சுற்றும் பாகம் ஒன்றுதான் உண்டாக்க முடியும். டயர், ரிம், ஹப் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி), டிஸ்க், டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) இவையெல்லாம் சுற்றுகின்றன. லோயர் ஆர்ம், புஷ் (ஆர்மின் இணைப்பில் உள்ள ரப்பர்), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), டை ராட் எண்ட், ராக் எதுவும் சுற்றுவதில்லை. இவை தேய்ந்திருந்தால் சக்கரத்திலிருந்து வரும் சின்ன நடுக்கத்தைப் பெரிதாக்கிக் கைக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். ஆகவே “எது தேய்ந்திருக்கிறது?” என்று கேட்பதற்கு முன்னால் “சுற்றுவதில் எது கோணலாக இருக்கிறது?” என்று கேட்க வேண்டும். அந்தக் கடையில் இந்தக் கேள்வியே எழவில்லை.

கணக்கைப் பாருங்கள். 185/65 ஆர் 15 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும். ரிம் விளிம்பில் 30 கிராம் ஏறுமாறாக இருந்தால், அந்த வேகத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 45 நியூட்டன் விசை சக்கரத்தை இழுக்கும். நாலரைக் கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. வேகம் பாதியானால் விசை கால் பங்காகும். 50-இல் ஒன்றும் தெரியாமல் 100-இல் கை நடுங்குவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. சக்கரமும் அதோடு சேர்ந்த சஸ்பென்ஷன் பாகங்களும் இயல்பாக ஆடும் வேகம் பெரும்பாலான கார்களில் நொடிக்கு 10 முதல் 15 முறை என்ற அளவில் இருக்கும். சக்கரத்தின் சுற்று அதோடு ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் உச்சத்துக்குப் போகும், தாண்டினால் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து அதற்கு மேலே அடங்கும் உதறல் என்றால் முதல் சந்தேகம் சக்கரத்தின் மேல்தான் விழ வேண்டும்.

இனி பில்லுக்கு வருவோம். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைச் சரிசெய்வது. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் தேயும். நேராக உதறலை உண்டாக்காது. நீண்ட நாள் கெட்ட அலைன்மென்டில் ஓடிய டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானம் அதிர்வைத் தரலாம். புது டயர் போட்ட வண்டியில் அதற்கு இடமே இல்லை.

லோயர் ஆர்மும் டை ராட் எண்டும் போய்விட்டன என்றால் காட்டச் சொல்லுங்கள். வண்டியை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து அசைத்தால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். 12, 6 இடங்களில் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங்கின் ஆட்டம் தெரியும். அப்போது இன்னொருவர் பிரேக்கை மிதிக்க ஆட்டம் நின்றால் அது பேரிங். புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பார்த்தால் ரப்பர் கிழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். இந்த காரில் கழற்றிய பழைய ஆர்ம்களின் புஷ்களில் மேலாக மட்டும் வெடிப்பு இருந்தது. ஆட்டம் எதுவும் இல்லை. வயதான ரப்பரில் மேல்வெடிப்பு சகஜம். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டித்தான் விற்றிருக்கிறார்கள்.

டிஸ்க் மாற்றியதற்கு ஒரு நியாயமும் கிடையாது. டிஸ்க்கால் வரும் உதறல் பிரேக்கை மிதித்தால் வரும், விட்டால் போகும். டிஸ்க்கின் தடிமன் ஒரு சுற்றுக்குள் 0.02 மில்லிமீட்டர் மாறினாலே பெடலில் தெரியும் அளவுக்கு அது நுணுக்கமான விஷயம். பிரேக்கைத் தொடாமலே உதறும் வண்டியில் டிஸ்க்கைச் சந்தேகிக்கப் பெரும்பாலும் ஒரே ஒரு சூழ்நிலைதான் உண்டு: காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) சிக்கிக்கொண்டு பேட் உரசிக்கொண்டே இருப்பது. அப்படியானால் ஓடி நின்றதும் அந்தச் சக்கரம் மட்டும் அனலாகக் கொதிக்கும். மேலும், இந்த வண்டியில் ஹப் முகத்தில் இருந்த துருவைத் தேய்க்காமலே புது டிஸ்க்கை மாட்டியிருந்தார்கள். துரு மேல் உட்காரும் டிஸ்க் லேசாகச் சாய்ந்து சுற்றும். சில ஆயிரம் கிலோமீட்டரில் தடிமன் சீரற்றுத் தேய்ந்து, இல்லாத பிரேக் உதறல் புதிதாக வரும். நல்ல பாகத்தை எடுத்துவிட்டு அடுத்த கோளாறுக்கு விதை போட்டிருக்கிறார்கள். இந்த பில்லில் மிகவும் கோபம் வர வைக்கும் வேலை இதுதான்.

உண்மையில் கெட்டுப்போனது என்ன? காரில் வெளியில் வாங்கிய அலாய் ரிம். பல வண்டிகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக இவற்றின் நடு ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. அளவில் வைத்திருப்பார்கள். இந்த காரின் ஹப் 54.1 மி.மீ. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் இருக்கும். அதுதான் ஹப் ரிங். டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியபோது இடது முன் சக்கரத்தின் வளையம் விழுந்து தொலைந்திருக்கிறது. வளையம் இல்லாமல், முதல் நட்டையே ஏர் கன்னால் முழுதாக இறுக்கியிருக்கிறார்கள். சக்கரம் அந்தப் பக்கமாக இழுபட்டு, நடுவிலிருந்து விலகி உட்கார்ந்துவிட்டது. டயரோடு சேர்த்து 16 கிலோ உள்ள சக்கரம் அரை மில்லிமீட்டர் விலகினாலே, ரிம் விளிம்பில் 42 கிராம் ஏறுமாறாக இருப்பதற்குச் சமம். பேலன்சிங் மெஷினில் இது தெரியவே தெரியாது. அங்கே நடு ஓட்டையில் நுழையும் கோன் என்ற கூம்பு சக்கரத்தை நடுப்படுத்திவிடுகிறது. திரையில் இரண்டு பக்கமும் 0 காட்டும், வண்டியில் மாட்டினால் உதறும். “மெஷின் 0 காட்டுகிறது, அப்படியானால் சஸ்பென்ஷன்தான்” என்ற பேச்சு பிறப்பது இந்த இடத்தில்தான்.

வலது சக்கரத்தில் தவறு மெஷினிலேயே நடந்திருக்கிறது. கோனை ரிம்மின் பின்பக்கம், ஹப் உட்காரும் வழவழப்பான விளிம்பில் பொருத்த வேண்டும். அவர்கள் முன்பக்கம், சென்டர் கேப் மாட்டும் பெயிண்ட் அடித்த விளிம்பில் பொருத்தியிருந்தார்கள். பழைய ஒட்டு வெயிட்டுகளை எடுக்காமல் அவற்றின் பக்கத்திலேயே புதியவற்றையும் ஒட்டியிருந்தார்கள். சரியாகப் பொருத்திச் சுற்றியபோது 35 கிராம் காட்டியது.

இதைக் கண்டுபிடிக்க நீங்களே மெஷின் பக்கத்தில் நின்று ஒன்று செய்யச் சொல்லலாம். பேலன்ஸ் முடிந்து 0 வந்ததும், சக்கரத்தைத் தளர்த்தி ஷாஃப்டில் அரைச் சுற்று திருப்பி மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். 5 கிராமுக்குள் காட்டினால் பொருத்தியது சரி. 15, 20 என்று தாண்டினால் சக்கரம் மெஷினில் நடுவில் உட்காரவில்லை, முதலில் வந்த 0-க்கு அர்த்தமில்லை. முடியாது என்று மறுக்கும் இடத்தில் சக்கரத்தைக் கொடுக்காதீர்கள். அதோடு, ரிம்மின் உட்புறச் சேறு கழுவியிருக்க வேண்டும், பழைய வெயிட் எல்லாம் எடுத்திருக்க வேண்டும், ரிம்மின் தூரம், அகலம், விட்டம் மூன்றும் அந்தச் சக்கரத்துக்கு உரியதாக மெஷினில் பதிந்திருக்க வேண்டும்.

சக்கரம் சுற்றும்போது வெறும் கண்ணால் பார்ப்பதும் பெரிய சோதனைதான். ரிம் விளிம்பருகே பேனா முனையை அசையாமல் பிடித்துப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. டயல் கேஜ் (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி) வைத்தால் இன்னும் தெளிவு: டயரின் மேற்பரப்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் சந்தேகம், ஒன்றரையைத் தாண்டினால் எவ்வளவு வெயிட் ஒட்டினாலும் உதறல் முழுதாகப் போகாது. அப்போது டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ரிம்மின் தாழ்வும் டயரின் மேடும் ஒன்று சேர்ந்தால் பல நேரம் சரியாகிவிடும். புது டயரில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது பொதுவாக டயரின் மேட்டைக் குறிப்பது, மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடத்தை. மஞ்சளை வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம். டயரைச் சுமையோடு உருளையால் அழுத்திச் சுற்றும் ரோடு ஃபோர்ஸ் மெஷின் இருக்கும் இடம் கிடைத்தால், சாதாரண மெஷினில் தெரியாத டயர் விறைப்பு வேறுபாடும் அதில் தெரிந்துவிடும்.

கடைக்குப் போகும் முன் நீங்களே சாலையில் பிரித்தறிய வேண்டியவை உண்டு. காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு, நல்ல சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, அனுமதித்த வேகத்துக்குள் பாருங்கள். ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரத்தைப் பாருங்கள். உதறும் வேகத்தில் கிளட்சை மிதித்து இன்ஜினை ஐட்லிங்குக்கு விடுங்கள் (இன்ஜினை அணைக்கவே கூடாது). உதறல் மாறாமல் தொடர்ந்தால் சக்கரம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, விட்டதும் நின்றால், முன் சக்கரங்களால் ஓடும் வண்டியில் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் நியூட்ரலுக்கு மாற்ற வேண்டாம், ஆக்சிலரேட்டரை விட்டுப் பார்த்தால் போதும். அதே வேகத்தை வேறு கியரில் ஓட்டும்போது அதிர்வு மாறினால் இன்ஜின் பக்கம். நாட்கணக்கில் நின்ற வண்டி முதல் 15, 20 கிலோமீட்டர் மட்டும் உதறி அடங்கினால், டயரின் அடிப்பகுதி தட்டையாகியிருந்தது என்று பொருள். எதையும் மாற்றத் தேவையில்லை.

முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றி மாட்டி ஓட்டுவது எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை. உதறல் கையிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் சக்கரத்தில்தான் கோளாறு, சஸ்பென்ஷன் பேச்சு அத்தோடு முடிந்தது. முன்னும் பின்னும் அளவு வேறாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயரானால் அதே பக்கத்திலேயே முன்பின் மாற்றுங்கள். இந்த வண்டியில் இதைச் செய்திருந்தால் ஆர்மும் டிஸ்க்கும் பில்லில் ஏறியிருக்காது.

ஒரே ஒரு வகை ஆட்டத்தில் சோதனை ஓட்டமே வேண்டாம். 20, 30 வேகத்திலேயே வண்டி இடுப்பாடுவது போல அசைந்து, வேகம் கூடக் கூட மோசமானால், டயருக்குள் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம். பக்கச்சுவரிலோ மேற்பரப்பிலோ கையால் தடவினால் புடைப்பு தென்படும். அந்த டயர் வெடிக்கக்கூடியது, ஸ்டெப்னியை மாட்டுங்கள். திடீரென்று தொடங்கி நாளுக்கு நாள் கூடும் உதறலென்றால் முதலில் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாகம் மாற்ற ஒப்புக்கொள்ளும் முன் எந்தச் சோதனையில் எந்த ஆட்டம் தெரிந்தது என்று எழுதி வாங்குங்கள். கழற்றியதைத் திரும்பக் கேளுங்கள். “இதை மாற்றிப் பார்ப்போம்” என்றால், உதறல் போகாவிட்டால் பணம் யாருடையது என்பதை அப்போதே பேசிவிடுங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஹப் முகத்தைத் துரு போகத் தேய்க்கச் சொல்லுங்கள். ஹப் ரிங் நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். சக்கரம் தரையைத் தொடும் முன் எல்லா நட்டுகளையும் கையால் முடுக்கி, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டு வந்து, கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்சால் நடக்க வேண்டும். சிறிய கார்களுக்கு இது பொதுவாக 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது. அலாய் ரிம்மானால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் அதே ரெஞ்ச்சால் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.