சீம்பால் பார்க்கும் மீட்டர்: நான்கு வருடப் பழக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் ஈற்றுக் கொட்டகை என் பொறுப்பு. பழச்சாற்றின் இனிப்பைப் பார்க்கிற பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டரைத்தான் 4 வருடமாகச் சீம்பாலுக்கு வைத்திருக்கிறேன். பேட்டரி வேண்டாம். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும். பிரிக்ஸ் எண் 20க்குக் கீழே என்றால் ஆன்டிபாடி (நோயை எதிர்க்கும் புரதம்) குறைவு. 25க்கு மேல் போதுமானது, 30 தாண்டினால் மிக நல்லது.

பன்றியின் நஞ்சுக்கொடி ஆன்டிபாடியைக் குட்டிக்கு விடாது. குட்டிக்குக் கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான்.

முதல் வருடம் நான் அளந்தது முழுக்க வீண். ராத்திரி ஈன்ற பன்றியைக் காலையில் பசியாறிவிட்டு வந்து பார்ப்பேன். 16, 17 என்று வரும். தீவனம் சரியில்லை என்று தவுக்கேயிடம் (முதலாளியிடம்) சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடிய விடிய கூடவே இருந்தபோது, முதல் குட்டி விழுந்ததும் அளந்தேன்: 28. அதே பன்றிக்கு மறுநாள் காலையில் 17. முதல் 12 மணி நேரத்திலேயே ஆன்டிபாடி சரசரவென்று இறங்கிவிடுகிறது. இப்போது முதல் 3 மணி நேரத்துக்குள் எடுத்ததை மட்டுமே எழுதி வைக்கிறேன்.

அப்புறம்தான் மற்ற வித்தியாசங்கள் கண்ணில் பட்டன. தலையீற்றுப் பன்றிகளுக்குப் பெரும்பாலும் எண் குறைவு. பண்ணைக் கிருமிகளோடு பழகிய மூன்றாம், நான்காம் ஈற்றுப் பன்றிகளுக்குக் கூடுதல். குட்டிகளுக்குக் கழிச்சல் தரும் இ.கோலை கிருமிக்கான தடுப்பூசியைத் தாய்ப்பன்றிக்கு ஈனுவதற்கு 5 வாரம், 2 வாரம் முன்னதாகப் போடுகிறோம். ரத்தத்திலிருந்து ஆன்டிபாடி மடிக்கு இறங்குவது கடைசி நாட்களில். அதனால் ஊசியைத் தள்ளிப்போட்டால் பலன் கிடைக்காது. ஆனால் குறிப்பிட்ட நோய்க்கான ஆன்டிபாடி இருக்கிறதா என்பதை மீட்டர் காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான்.

பால் எவ்வளவு சுரக்கிறது என்பதும் தெரியாது. இதுதான் இதன் பெரிய குறை. ஒரு குட்டிக்குச் சுமார் 250 கிராம் வேண்டும். ஒரு பன்றிக்கு 29 வந்தும், 14 குட்டிகளில் கடைசியாகப் பிறந்த இரண்டு குளிரில் சுருண்டு கிடந்தன, வயிறு ஒட்டியிருந்தது. குடல் ஏறத்தாழ ஒரு நாளில் மூடிக்கொள்ளும்; அதற்குப் பிறகு குடித்தாலும் ஆன்டிபாடி உடம்பில் ஏறாது. அதனால் வயிறு நிறைந்த பெரிய குட்டிகளைக் கொஞ்ச நேரம் கூடையில் விளக்கின் கீழ் விட்டு, சின்னதுகளை முன்மடியில் சேர்க்கிறேன்.

கண்ணாடியில் கொழுப்பு படிந்தால் எண் மங்கும். ஒவ்வொரு தடவையும் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் 0 பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் மூடி கிழிந்துவிட்டது, மற்றபடி இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.