ஸ்கேனில் "விதை இல்லை" என்று வந்தால் நம்பிவிடாதீர்கள்

ஆண் குழந்தைக்கு ஒரு பக்க விதை (விரை) விதைப்பைக்குள் இறங்கவில்லை என்றதும் "ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்புகிறார்களா? உஷார். "இடது விதை தென்படவில்லை" என்று ரிப்போர்ட் வரும். அடுத்து எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள், கைக்குழந்தை அசையாமல் கிடக்காது, அதற்கு மயக்க மருந்து வேறு. பணம் போனால் போகட்டும், மாதங்கள் போவதுதான் நஷ்டம். 6 மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அரிது (குறைமாதக் குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கு). 18 மாதத்துக்குள் ஆபரேஷன் முடிய வேண்டும். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2014 வழிகாட்டி, ஸ்கேன் எடுக்காமலே நேராக அறுவை நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது.

காரணம் இருக்கிறது. வயிற்றுக்குள் நிற்கும் விதையைக் குடல் வாயு மறைத்துவிடும். கவட்டையில் உள்ள நெறிக்கட்டியை விதை என்று அளந்து எழுதிவிடுவதும் உண்டு. கைக்குத் தட்டுப்படாத விதைகளில் அல்ட்ராசவுண்ட் கண்டுபிடிப்பது சுமார் 45 சதவீதம்தான் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. அதாவது, பூவா தலையா போட்டுப் பார்த்த மாதிரி.

தலைகீழாகவும் நடக்கும். ஜில்லென்று ஜெல்லைத் தடவியதும் குழந்தையின் தசை சுருங்கி, நல்ல விதையே மேலே ஓடிவிடும். "இறங்காத விதை" என்று ரிப்போர்ட் தயார். தேவையில்லாத கத்திக்கு இதுவே போதும்.

நிபுணரின் கை செய்வது வேறு. அறையும் விரலும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குழந்தையின் கால்களைத் தவளை போல விரித்து, விரலில் சோப்புத் தண்ணீர் தொட்டு, இடுப்பெலும்பு முனையிலிருந்து கவட்டை வழியாகக் கீழே வழித்து வருவார். தட்டுப்பட்டால் பைக்குள் இழுத்து, சற்று நேரம் பிடித்துவிட்டு விடுவார். அங்கேயே நின்றால் ஆபரேஷன் வேண்டாம். வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். இறங்காத விதைகளில் 100க்கு 70 இப்படிக் கைக்கே கிடைக்கும். கிடைக்காதவற்றுக்கு, மயக்கத்தில் மறுபடி தடவிப் பார்த்து, பிறகு லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது). எம்.ஆர்.ஐ.யில் "இல்லை" என்று வந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. அப்புறம் எதற்கு அந்தச் செலவு?

ஒரே ஒரு இடத்தில் அவசரம் வேறு மாதிரி. பிறந்த குழந்தைக்கு இரண்டு விதையுமே தட்டுப்படாவிட்டால், முக்கியமாகச் சிறுநீர்த் துளையும் இடம் மாறியிருந்தால், அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) ஹார்மோன் கோளாறால் ஆண் போலத் தோன்றும் பெண் குழந்தையாக இருக்கலாம். அங்கே கருப்பை இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் உதவும். கூடவே குரோமோசோம், ஹார்மோன், சோடியம், பொட்டாசியம் பரிசோதனைகள் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பினால் கிளம்பாதீர்கள். இந்தக் கோளாறு இருந்தால் முதல் சில வாரங்களிலேயே உடம்பில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடலாம்.