மார்த்தாண்டம் பக்கம் "அத்தி லேகியம்" வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

பெரும்பாடு (மாதவிலக்குல அளவுக்கு மீறின ரத்தப்போக்கு), மூலத்தில் ரத்தம், மூக்கில் ரத்தம், எல்லாத்துக்கும் ஒரே அத்தி லேகியம்னு சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, வாடகை ரூமில் ஒருத்தர் வைத்தியம் பாக்குறார். புகார் கொடுத்திருக்கோம், அதனால பேரை எழுதல.

என் மைனிக்கு (அண்ணன் மனைவிக்கு) மாதவிலக்கு வந்தா நிக்காது. அவர் நாடியைத் தொட்டுப் பாத்துட்டு, "இது ரத்தபித்தம் (ரத்தம் கெட்டு வெளிய போற நோய்க்கு ஆயுர்வேதத்துல உள்ள பேர்). ஸ்கேனெல்லாம் காசு புடுங்கத்தான். இரும்பு மாத்திர சூடு, நிறுத்திரு மக்ளே. ஒரு மண்டலத்துல கட்டி இருந்தாலும் கரஞ்சு போவும்"னார். 6,500 ரூபாய். பில் கேட்டா சிரிப்பு. டப்பாவில் உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, உள்ள என்ன சேர்த்திருக்கு, எதுவுமே கிடையாது. ஒரு பழப் படம் மட்டும். அதுவும் சீமை அத்தி! வைத்தியத்துக்குப் பட்டை எடுக்கிறது நாட்டு அத்தியில, அடிமரத்திலேயே குலைகுலையா காய்க்குமே, அது.

மண்டலம் முடியுறதுக்குள்ள மைனி அடுக்களையில தலைசுத்தி விழுந்தாங்க. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல பாத்தா ஹீமோகுளோபின் 5.8. பெண்களுக்கு 12-ஆவது இருக்கணும். ரத்தம் ஏத்தி, ஸ்கேன் எடுத்தா கர்ப்பப்பையில் கட்டி, கரையாம அப்படியே இருக்கு.

அண்ணன் போய்க் கேட்டதுக்கு, "மீன் தின்னிருப்பா. பத்தியம் தப்புனா மருந்து என்ன செய்யும்?"னு பதில். குமரி மாவட்டத்துல யாருகிட்ட சொன்னாலும் செல்லுபடியாகுற சாக்கு! மைனிக்கு மீன் வாடையே ஆகாது.

அத்தி மேல எனக்குக் கோபமில்ல. அத்தி, இத்தி, ஆல், அரசு நாலும் சேர்ந்த நால்பாமராதி எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு வளர்ந்த பிள்ளைங்கதானே நாம. துவர்ப்பான அந்தப் பட்டையை ரத்தப்போக்குக்குக் கஷாயமா கொடுக்கிறது ஆயுர்வேதத்துல உள்ளதுதான். ஆனா அதே ஆயுர்வேதத்துல பழைய மூல நூல் எழுதின சரகர், ரத்தபித்தத்தை மேல்வழி (மூக்கு, வாய் மாதிரி), கீழ்வழி (மலவாய், பிறப்புறுப்பு மாதிரி), ரெண்டு வழியும்னு பிரிச்சு, மேல்வழிப் போக்கு தீரும், கீழ்வழிப் போக்கைக் கட்டுக்குள்ள வைக்கலாம், ரெண்டு வழியும் போனா தீராதுன்னு சொல்லியிருக்கார். சரகரே அவ்வளவு நிதானமா சொன்னதை இவர் 48 நாளில் தீர்த்துடுவாராம்!

அத்தியில்தான் வைத்தியம் பாக்கணும்னா நாகர்கோவில் கோட்டாறுல அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கு. வெளியில பாக்குறதா இருந்தா, வைத்தியரோட பதிவு எண்ணைக் கேளுங்க. ரத்தம் எதனால போகுதுன்னு பாக்காம லேகியம் நீட்டுறவங்ககிட்ட உக்காரவே வேண்டாம். மாதவிலக்குக் கோளாறைத் தீர்க்கும்னு மருந்துக்கு விளம்பரம் போடுறதே 1954-ம் வருஷ மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டப்படி குத்தம், அந்த நோட்டீஸ் ஒண்ணே போதும் புகாருக்கு.

நாங்க திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். இவர்கிட்ட வாங்கினவங்க வேற யாரும் இருந்தா மிச்ச லேகியத்தைக் கொட்டிராதீங்க, டப்பாவோட வைங்க. பில் கிடையாதுங்கிறதால ஜிபே ஸ்கிரீன்ஷாட்தான் நமக்கு ரசீது.