பிராட்டோவின் ஓசோனும் திருப்பூரின் உப்பும்

இத்தாலியின் பிராட்டோ நகரமும் நம் திருப்பூரும் துணித்தொழிலால் வளர்ந்தவை. இரண்டு ஊர்களிலும் பல ஆலைகளின் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. எனவே, சாயக்கழிவுநீர் குறித்த பன்னாட்டுக் கூட்டு ஆய்வு என்றதும், அங்கே பலன் தந்த கருவியை இங்கே நிறுவினால் போதும் என்று பலருக்கும் தோன்றுகிறது. அந்த எண்ணம் எங்கே இடறுகிறது என்பதை, போட்டியிடும் வழிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

பிராட்டோவின் பாசியாகவால்லோ நிலையத்தில், உயிரியல் சுத்திகரிப்புக்குப் பிறகு ஓசோன் செலுத்தி நிறத்தை நீக்குகிறார்கள். அவ்வாறு தெளிந்த நீரில் ஒரு பகுதி ஆலைகளுக்கே திரும்புகிறது. சாய மூலக்கூறுகளை உடைப்பதில் ஓசோனுக்கு நிகரான வழி குறைவு. கசடும் அதிகம் சேராது. ஒரு கிலோ ஓசோன் தயாரிக்கச் சுமார் 10 யூனிட் மின்சாரம் ஆகும் என்றாலும், நிறத்துக்காக மட்டும் செலவிடுவதென்றால் அது தாங்கக்கூடியதே. ஆனால் ஓசோனால் ஒரு கிராம் உப்பைக்கூட நீரிலிருந்து எடுக்க முடியாது. பிராட்டோவின் முதன்மை இழை கம்பளி. கம்பளிக்கு ஏற்றும் அமிலச் சாயங்களுக்கு உப்பு அதிகம் தேவைப்படுவதில்லை. திருப்பூரின் பருத்திப் பின்னலாடைக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் சாயம்) ஏற்ற, ஒரு லிட்டர் சாயக்குளியலுக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு இடுகிறார்கள். சாயத்தில் ஒரு பகுதி துணியோடு போய்விடுகிறது. உப்போ ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரில் வந்து சேர்கிறது. ஆற்றில் விடும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நொய்யலில் அதை நீர்த்துப்போகச் செய்யும் ஓட்டமும் இல்லை. அதே ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீரால் பாழான நிலங்களைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் எண்ணாகத் தெரியாது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு நிலைபெற்ற வழி, ஆர்.ஓ.வும் (அழுத்தத்தால் நீரைச் சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிப்பது) அதன் பின்னே எவாப்பரேட்டரும் (மிஞ்சும் நீரை ஆவியாக்கும் கருவி). ஆர்.ஓ. வரைக்கும் கணக்கு நியாயமானது: கடல்நீர் அளவு உப்புள்ள நீரைக்கூட ஒரு கனமீட்டருக்கு 3 அல்லது 4 யூனிட்டில் பிரித்துவிடலாம். உப்பு ஏற ஏற சவ்வூடுபரவல் அழுத்தமும் ஏறுவதால், லிட்டருக்கு 70 கிராம் அளவில் வழக்கமான சவ்வு தன் எல்லையை நெருங்குகிறது. அதற்கு மேல், சவ்வைக் கடக்காமல் மிஞ்சும் அடர் உப்புநீரான ரிஜெக்டைக் கொதிக்கவைத்தாக வேண்டும். வெப்பத்தை மீட்காமல் ஒரு கனமீட்டரை ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஆவியை இயந்திரத்தால் அழுத்தி மறுபடி பயன்படுத்தினாலும் 20 யூனிட் அளவுக்கு ஆகிவிடும். இத்தனை செலவழித்த பின்னும் கடைசியில் மிஞ்சுவது, எவரும் வாங்காத கலப்பு உப்பு.

ஐரோப்பிய ஆய்வகங்கள் ஆர்வம் காட்டும் சவ்வு வடிப்பு முறை (சூடான நீரின் ஆவியை மட்டும் சவ்வு வழியே கடத்துவது) இந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. 60 முதல் 80 டிகிரி வெப்பமே போதும், கொதிகலனின் கழிவு வெப்பத்திலும் இயங்கும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் நீரை ஒட்டவிடாத அதன் சவ்வு, சாயக்கழிவில் இருக்கும் சோப்புப் பொருட்களால் நனைந்துவிட்டால், உப்புநீர் நேராக மறுபக்கம் கசிந்துவிடும். ஆய்வகத்தில் கலந்து தயாரித்த உப்புக் கரைசலில் கிடைக்கும் நல்ல முடிவு, பட்டறை நீரில் கிடைக்கும் என்று நம்ப முடியாததற்கு இதுவே காரணம்.

என் தேர்வு நான்காவது வழி: உப்பை நீக்காமல் சாயக்குளியலுக்கே திருப்பி அனுப்புவது. சாதாரண உப்பைப் பயன்படுத்தும் பட்டறை என்றால், நானோ வடிகட்டிச் சவ்வு நிறத்தைத் தடுத்து உப்புநீரைப் பெருமளவு கடக்கவிடும். கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) என்றால் சல்பேட்டும் நிறத்தோடு தங்கிவிடும் என்பதால், வேறு உபாயம் வேண்டும். அதன் கரைதிறன் 32.4 டிகிரியில் உச்சத்தைத் தொட்டு, குளிரக் குளிரக் கூர்மையாகச் சரிகிறது. எனவே அடர்ந்த கரைசலைக் குளிர்வித்தாலே, கொதிக்கவைக்காமல், உப்பு படிகமாகப் பிரிந்துவிடுகிறது. இவ்வழியின் நிபந்தனை கடுமையானது: ஒரு நிலையத்தைச் சேர்ந்த பட்டறைகள் அனைத்தும் ஒரே உப்பையே வாங்க வேண்டும். இரண்டும் கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. இங்கேதான் ஓசோனுக்கும் உரிய இடம் கிடைக்கிறது. திரும்பும் உப்புநீரில் எஞ்சிய நிறத்தை நீக்கும் வேலையை அது திறமையாகச் செய்யும்.

கூட்டு ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பு 1990-களில் தோல் பதனிடும் தொழிலுக்காக நடத்திய தென்கிழக்காசியத் திட்டத்தில், தமிழகப் பதனிடும் ஆலைகளிலேயே சோதனைகள் நடந்தன. அவற்றுள் ஒன்று, தோல் கெடாமலிருக்கத் தூவிய உப்பை, ஊறவைக்கும் முன்பே அதிலிருந்து உதறி எடுப்பது. எளிமையான அந்த வேலை, பின்னால் வரவேண்டிய எவாப்பரேட்டரின் சுமையை முன்கூட்டியே குறைத்தது; கழிவு வரும் இடத்திலேயே நின்று பார்த்தவர்களால்தான் அதைக் கண்டுகொள்ள முடிந்தது. சாயத்துறையில் இதற்கு இணையான கேள்வி, குறைந்த உப்பில் பருத்தியில் ஏறும் சாயம். அடுத்தது, நிலையங்களின் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகக் காத்திருக்கும் கலப்பு உப்பைப் பிரித்தெடுப்பது; இதற்கு நெதர்லாந்தின் லேவார்டனில் உள்ள வெட்சஸ் நீர்த்தொழில்நுட்ப ஆய்வு மையம் போன்ற இடங்களின் எலக்ட்ரோடயாலிசிஸ் (மின்புலத்தால் உப்பு அயனிகளைச் சவ்வு வழியே பிரிக்கும் முறை) அனுபவமும், திருப்பூரின் அருள்புரம் அல்லது வீரபாண்டி பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நாள்தோறும் மாறும் உண்மையான கழிவுநீரும் ஒரே சோதனைமேடையில் சேர வேண்டும்.