சும்மா பேசக் கற்றுத்தரும் ஆறு வார வகுப்பு: ஒரு தணிக்கையாளரின் அனுபவம்

நான் கணக்குத் தணிக்கையாளன். அறைக்குள் நுழைந்தாலே அங்கிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதில் என் முகத்துக்கும் பங்குண்டு என்பது வீட்டாரின் கருத்து. கருத்தரங்கு இடைவேளைகளில் கைப்பேசியைத் துழாவியபடியே பதினாறு ஆண்டுகளை ஓட்டிவிட்ட பிறகு, புதியவர்களுடன் பேசவும் தொழில் தொடர்புகளை வளர்க்கவும் பயிற்சி தரும் இந்த இணையவழி வகுப்பில் சேர்ந்தேன். வாரம் ஒரு மாலை, பன்னிரண்டு பேர்.

முதல் வாரம் வீண். பேச்சைத் தொடங்க ஐம்பது கேள்விகள் என்று ஒரு தாள் அனுப்பினார்கள். ‘நீங்கள் ஒரு விலங்காக இருந்தால் எந்த விலங்கு?’ என்பது அவற்றில் ஒன்று. இதை ஒரு நிதி மேலாளரிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

இரண்டாம் வாரத்தில்தான் கொடுத்த பணம் செரித்தது. இருவர் இருவராகப் பிரித்து ஒரே ஒரு விதி வைத்தார்கள்: எதிரிலிருப்பவர் கடைசியாகச் சொன்னதிலிருந்தே உங்கள் அடுத்த கேள்வி பிறக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் லிஃப்ட் பராமரிப்பவர். வேலை எப்படி என்றேன். “போகிறது. நாள் முழுக்கக் கதவோடு மல்லுக்கட்டு” என்றார். வழக்கமாக அங்கேயே தலையாட்டி நகர்ந்திருப்பேன். விதிக்குப் பயந்து, “ஏன் கதவோடு?” என்றேன். லிஃப்ட் நின்றால் எல்லோரும் கம்பியையும் மோட்டாரையும் சந்தேகிப்பார்களாம். இவர் ஓடுவதோ பெரும்பாலும் கதவுக்காகத்தானாம். தடத்தில் ஒரு சிறு கல் சிக்கினால் போதுமாம். பத்து நிமிடம் போனதே தெரியவில்லை. ஒரு பதிவைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவதுதானே என் அன்றாட வேலை! மனிதர்களிடம் மட்டும் அதைச் செய்யாமலே இருந்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு வாரங்கள் தன்னறிமுகம், மின்னஞ்சல் நடை. தூங்காமல் இருந்தேன் என்பதே சாதனை.

ஐந்தாம் வாரம் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டரின் 1973 ஆய்வுக் கட்டுரையைப் பற்றிப் பேசினார்கள். தெரிந்தவர்கள் வழியாக வேலை பெற்றவர்களில், தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் 16.7 சதவீதமே, எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். அந்தக் கணக்கு வெறும் 54 பேரை வைத்துப் போட்டது என்பதைப் பயிற்சியாளர் சொல்லவில்லை. தேடிப் பார்த்தேன், தொழில் புத்தி. 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேருக்கும் மேல் வைத்து வெளியான ஆய்வில், மிதமான அறிமுகங்களே அதிகம் கைகொடுத்தன என்று தெரிந்ததும் மனம் சமாதானமானது.

பேச்சை எப்படி முடித்துக்கொண்டு விலகுவது என்பதைக் கடைசிவரை சொல்லித்தரவில்லை. பெரிய குறை. என் போன்றவர்களுக்குத் தொடங்குவதைவிட அதுதான் கடினம்.

இறுதி வார வீட்டுப்பாடம், தொடர்பு விட்டுப்போன ஒருவருக்கு எந்த உதவியும் கேட்காமல் எழுதுவது. ஏழாண்டுகளாகப் பேசாத பழைய சக ஊழியருக்கு நலம் விசாரித்து இரண்டு வரி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே அழைத்தார்.

“என்ன விஷயம், வேலை தேடுகிறீர்களா?”

“இல்லை, சும்மாதான்” என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனாலும் நாற்பது நிமிடம் பேசினார்.