வெள்ளை உடையா, சிவப்பு உடையா: கேட் புஷ்ஷின் வீடியோக்கள்

ஒரே பாடலுக்கு இரண்டு வீடியோக்கள், ஒன்றில் வெள்ளை உடை, மற்றதில் சிவப்பு. இரண்டிலும் அதே பெண், அதே குரல், ஏறக்குறைய அதே ஆட்டம். எது மேல் என்ற வழக்கு ஆங்கிலப் பாடகி கேட் புஷ்ஷின் ரசிகர்களிடையே இன்றுவரை தீரவில்லை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சிவப்புக் கட்சி.

பாடல் ‘வுதரிங் ஹைட்ஸ்’. 1978 ஜனவரியில் வெளிவந்தபோது கேட் புஷ்ஷுக்கு வயது 19. எமிலி பிராண்டியின் 1847ஆம் ஆண்டு நாவலில் வரும் கேத்தி, செத்துப்போன பிறகும் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுவதுதான் பாட்டு. ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனம் வேறொரு பாடலை முதலில் விட நினைத்தது; இதுதான் என்று பிடிவாதமாக நின்று சாதித்தவர் இவர். மார்ச்சில் அது பிரிட்டன் தரவரிசையில் முதலிடத்துக்குப் போய் நான்கு வாரம் அங்கேயே இருந்தது. தானே எழுதிய பாடலோடு அங்கே முதலிடம் பிடித்த முதல் பெண் இவர்தான்.

வெள்ளை வீடியோவை இயக்கியவர் கீத் மேக்மில்லன். ஸ்டுடியோவுக்குள் கும்மிருட்டு, தரையில் புகை, பின்னாலிருந்து விளக்கு. வெள்ளை கவுன் அணிந்த உருவம் கையை வீசினால் அந்த வீச்சின் நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. பக்கவாட்டில் குட்டிக்கரணம் போடும்போது ஒரு பெண் நாலைந்து பெண்களாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகிறாள். ஆவி என்று சொல்லியாயிற்று, ஆவியைக் காட்டியும் ஆயிற்று. அன்றைய வீடியோ நுட்பத்துக்கு அது புதுமை. இன்று பார்த்தால் நுட்பத்தின் வயது தெரிகிறது.

சிவப்பு வீடியோவில் இந்த ஜோடனை எதுவும் இல்லை. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் ஒரு புல்வெளி, பின்னால் மரங்கள், வெளிறிய பகல். சிவப்பு உடை, தலையில் பூ. தந்திரக் காட்சிகளை நம்பாததால் உடம்புதான் எல்லா வேலையையும் செய்தாக வேண்டியிருக்கிறது. கண்களை அகல விரித்து, கைகளால் காற்றைப் பற்றி இழுத்து, முழங்காலை மடக்கி எழுகிறார். பேசாமல் உடம்பாலேயே நடிக்கும் மைம் கலைஞர் லின்ட்சே கெம்பின் வகுப்புகளில் படித்தவர் என்பது ஒவ்வொரு விரலிலும் தெரிகிறது. பரதத்தில் பதத்துக்கு அபிநயம் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த மிகை உறுத்தாது. நிதானமான முகபாவத்தையே நாகரிகம் என்று நினைத்த ஆங்கிலேயர்களில் சிலர் சிரித்தார்கள். தொலைக்காட்சிக் கோமாளிகள் இவரைப் போல் நடித்துக் காட்டிக் காசு பார்த்தார்கள்.

சிவப்பு ஜெயிப்பதற்கு ஒரு நடைமுறைச் சாட்சியும் உண்டு. 2013இல் பிரைட்டன் நகரில் நூற்றுக்கணக்கானவர்கள் சிவப்பு உடை அணிந்து திறந்தவெளியில் கூடி அந்த ஆட்டத்தை ஆடினார்கள். 2016இலிருந்து பல நாடுகளின் பூங்காக்களிலும் அது நடக்கிறது. தாடி வைத்த ஆண்களும் சிவப்பு கவுனோடு வருகிறார்கள். வெள்ளையின் புகையையும் நிழல் வரிசையையும் பூங்காவுக்கு எடுத்துப் போக முடியாது. சிவப்புக்குத் தேவை ஓர் உடையும் கொஞ்சம் வெட்கமின்மையும்.

1979இல் கேட் ஆறு வாரம் கச்சேரிச் சுற்றுப்பயணம் போனார். ஆடிக்கொண்டே பாட வேண்டும் என்பதற்காகக் கம்பி ஹேங்கரை வளைத்துத் தலையில் மாட்டும் மைக் செய்தார்கள். அதன் பிறகு 2014 வரை ஒரு முழுக் கச்சேரித் தொடரும் கிடையாது. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் அவருக்கு மேடை என்று இருந்தது பெரும்பாலும் வீடியோதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த ஜோடியை எடை போடுவது எளிது.

1985இல் இரண்டு பாடல்கள், இரண்டு வழிகள். ‘ரன்னிங் அப் தட் ஹில்’ முழுக்க நடனம். சாம்பல் நிற ஜப்பானிய ஹகாமா உடையில் இவரும் மைக்கேல் ஹெர்வியூ என்ற நடனக் கலைஞரும் ஒருவரையொருவர் தூக்கி, தள்ளி, பற்றிக்கொள்கிறார்கள். வில்லை நாணேற்றுவது போல ஒரு கையசைவு திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு இவர்கள் இருவரின் முகமூடிகளை அணிந்த கூட்டம் ஒன்று நெருக்குகிறது. ஓரிடத்திலும் உதடு பாடலுக்கு அசையாது. அமெரிக்காவின் இசைச் சேனலான எம்.டி.வி. அதை ஒளிபரப்பாமல், பி.பி.சி.யின் வோகன் பேட்டி நிகழ்ச்சியில் இவர் பாடிய காட்சியைப் போட்டது. உதடு அசையாத வீடியோக்களில் அந்தச் சேனலுக்கு ஆர்வமில்லை என்று பிற்பாடு இவருடைய அண்ணன் பேடி காரணம் சொன்னார். பாடலை எழுதியவர் தன் பாட்டை உடம்பால் சொல்கிறார். சேனலுக்கு வாய் வேண்டியிருக்கிறது!

‘கிளவுட்பஸ்டிங்’ முழுக்கக் கதை. வில்ஹெல்ம் ரைக் என்ற விஞ்ஞானி மழை வரவழைக்க எந்திரம் செய்கிறார், அரசு ஆட்கள் பிடித்துப் போகிறார்கள், மகன் குன்றின் மேல் ஓடி எந்திரத்தை இயக்குகிறான். அப்பா வேடத்துக்கு முதலில் மறுத்துவிட்ட நடிகர் டொனால்ட் சதர்லேண்டை அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்க் கதவைத் தட்டிச் சம்மதிக்க வைத்தார் கேட். மகனாகக் கிராப்புத் தலையோடு நடித்தவரும் இவரே. ஓரிடத்தில் சிறுவன் அப்பாவின் கோட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவுகிறான். அது, தந்தை இறந்து பல ஆண்டுகள் கழித்து 1973இல் மகன் பீட்டர் ரைக் எழுதப்போகும் நினைவுக் குறிப்பு. பாடல் பிறந்ததே அந்தப் புத்தகத்திலிருந்துதான்.

குறும்படமாகப் பார்த்தால் கிளவுட்பஸ்டிங் எங்கோ மேலே நிற்கிறது. ஆனால் அதில் பாடல் பின்னணி இசையாகிவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்றுதான் கண் ஓடுகிறது. நடன வீடியோவில் நடக்க எதுவுமில்லை, அதனால் காது விழித்திருக்கிறது. கதைக்காக ஒருமுறை, பாட்டுக்காக நூறுமுறை என்று கணக்கு வைத்தால் ஹெர்வியூவோடு ஆடியதுதான் என் தேர்வு. 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடரால் அந்தப் பாடல் 37 ஆண்டு கழித்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது, புதிதாக வந்த பிள்ளைகள் போய்ப் பார்த்ததும் அந்தப் பழைய வீடியோவைத்தான்.

தானே இயக்கியவை தனி வகை. 1986இல் ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ வீடியோவை இயக்கினார்: ஹிட்ச்காக் பாணித் துரத்தல், கச்சிதம். 1993இல் தானே எழுதி, இயக்கி, நடித்து ஏறத்தாழ முக்கால் மணி நேரப் படம் ஒன்றையும் எடுத்தார். தனித்தனிப் பாடல்களைக் கதைநூலில் கோக்கப் போய், கதையும் நிற்கவில்லை, பாடல்களும் மூச்சுவிடவில்லை. பிற்பாடு அவரே அதைக் கடுமையாக உதறித் தள்ளினார்.

ஆனால் கதையைச் சொல்லவும் அவருக்குத் தெரியும் என்பதற்கு 1989இன் ‘திஸ் வுமன்ஸ் வொர்க்’ இருக்கிறது. அதையும் அவர்தான் இயக்கினார். மனைவி உள்ளே இருக்க, கணவன் மருத்துவமனையில் காத்திருக்கிறான், கதை அவ்வளவுதான். பாட்டின் சொற்கள் அந்தக் கணவனுடையவை, குரல் பெண்ணுடையது. கணவனாக வரும் நடிகர் டிம் மெக்கினர்னி அங்குமிங்கும் நடக்கிறார், உட்காருகிறார், எழுகிறார். அந்த நடையே ஆட்டம் ஆகிவிடுகிறது.