எழுத்தை வரைவது எந்தக் கருவி? பென் டிரைவ், கேபிள், காஸ்டிங், ஜெல்லிஃபின்: ஓர் ஒப்பீடு

லேப்டாப்பில் இருக்கும் படத்தை டிவியில் போட்டுப் பார்க்கப் பல வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் படம் பெரும்பாலும் ஓடிவிடும். சப்டைட்டில்தான் தகராறு செய்யும். என் அப்பாவுக்குக் காது மந்தம். சப்டைட்டில் வராவிட்டால் அவருக்கு அது பாதிப் படம்தான். அதனால் படத்தின் தரத்தைவிட எழுத்து ஒழுங்காக வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு வழியிலும் திரையில் எழுத்தை வரைகிற கருவி எது என்று தெரிந்துகொண்டால், கோளாறை எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

பென் டிரைவில் எழுத்தை வரைவது டிவி. எளிய வழி, வைஃபை வேண்டாம். படமும் எஸ்ஆர்டி கோப்பும் (வசனங்களை நேரத்தோடு எழுதி வைத்த சப்டைட்டில் கோப்பு) ஒரே ஃபோல்டரில், ஒரே பெயரில் இருந்தால் போதும். கடைசியில் வரும் கோப்பு வகை மட்டும் வேறாக இருக்கும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதால், டிவி ஏற்றுக்கொண்டால் எக்ஸ்ஃபேட் முறை நல்லது. ஆங்கிலச் சப்டைட்டிலுக்கு இதுவே போதும். தமிழ் என்றால் இங்கேதான் வம்பு.

கட்டம் கட்டமாக வந்தால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்து திரும்பத் திரும்ப வந்தால், அது வேறு நோய். எழுத்தை எண்களாக்கிச் சேமிக்கும் முறைக்குக் குறியேற்றம் என்று பெயர். அவற்றில் ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும்; அவற்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. அந்தப் பைட்டைப் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியேற்றமாக டிவி வாசிக்கும்போதுதான் அந்த ஏ வரிசையாக வந்து நிற்கிறது. டிவியின் சப்டைட்டில் மெனுவில் குறியேற்றத்தை மாற்றிப் பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால், கோப்பை நோட்பேடில் திறந்து, சேமிக்கும் இடத்தில் ‘பாம்’ (கோப்பின் தொடக்கத்தில் குறியேற்றத்தைக் காட்டும் அடையாளம்) சேர்த்த யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்துச் சேமித்துப் பாருங்கள். சில டிவிகள் அதற்கு மசியும்.

மூன்றாவது கோளாறுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. எழுத்தெல்லாம் வரும், ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கும். யூனிகோடில் ‘கெ’ என்பதற்கு முதலில் ககரம், அப்புறம் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிப்பார்கள். திரையில் அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது வரைகிற கருவியின் வேலை. அந்த வேலை தெரியாத டிவி, கொம்பைப் பின்னாலேயே விட்டுவிடும். இதற்கு மெனுவில் மருந்து கிடையாது. ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளால் எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடலாம். நேரம் பிடிக்கும், பிறகு எழுத்தை நீக்கவும் முடியாது. அதனால் மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. எழுத்தை வரைவது லேப்டாப். டிவி வெறும் திரை. லேப்டாப்பில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் தமிழ் சரியாகத் தெரிந்தால் டிவியிலும் அப்படியேதான் தெரியும். ஒலி மட்டும் லேப்டாப்பிலேயே தங்கிவிடலாம். ஒலி வெளியீட்டை டிவிக்கு மாற்றினால் சரி. நீட்டமான கேபிளும், படம் நிறுத்த ஒவ்வொரு முறையும் எழுந்து போவதும்தான் இதன் குறைகள். நம்பகத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை என்றே சொல்வேன். 2012இல் வந்த மிராகாஸ்ட் இதையே கம்பியில்லாமல் செய்கிறது, ஆனால் படத்தை மறுபடியும் சுருக்கி அனுப்புவதால் திணறல் வரும். ஒரு முழுப் படத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

காஸ்டிங் வேறு மாதிரி. இதற்காக டிவியில் செருகும் கூகுளின் குரோம்காஸ்ட் கருவி 2013இல் வந்தது. போன் இங்கே ரிமோட் போலத்தான்: வீடியோ இருக்கும் முகவரியைச் சொல்லிவிடும், அதை எடுத்து ஓட்டுவது டிவியில் இருக்கும் கருவி. அது எதிர்பார்ப்பது வெப்விடிடி போன்ற சப்டைட்டில் வடிவங்களை. நம்மிடம் இருப்பதோ எஸ்ஆர்டி. பெரிய வித்தியாசம் இல்லை: எஸ்ஆர்டியில் நொடிக்குப் பின் காற்புள்ளி, வெப்விடிடியில் புள்ளி, முதல் வரியில் ஒரு தலைப்பு. அந்த மாற்றத்தைச் செய்துதரும் செயலி என்றால் சப்டைட்டில் வரும், இல்லையென்றால் படம் மட்டும் வரும். டிவியே கண்ணில் படவில்லை என்றால், இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா, விபிஎன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் ஒரு கருவியை மற்றொன்று பார்க்கவிடாமல் ரௌட்டரே தடுப்பது வழக்கம்.

லேப்டாப்பில் இருக்கும் படத்தை வீட்டு வலையமைப்பு வழியாக டிவியே எடுத்து ஓட்டும் டிஎல்என்ஏ முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதை வகுத்த அமைப்பே 2017இல் கலைந்துவிட்டது. தனிச் சப்டைட்டில் கோப்பு டிவிக்குப் போய்ச் சேருமா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

ஜெல்லிஃபின், எம்பி என்ற மென்பொருளிலிருந்து 2018இல் பிரிந்து வந்தது, இலவசம். லேப்டாப்பில் படத்தை அனுப்பும் சர்வர், டிவியில் அதை வாங்கி ஓட்டும் செயலி. ரிமோட்டிலேயே எல்லாம் நடப்பதால் அப்பாவுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே எழுத்தை வரைபவர் மாறிக்கொண்டே இருப்பார். எஸ்ஆர்டி என்றால் பெரும்பாலும் டிவிச் செயலி வரையும். புளூ-ரே வட்டுகளில் இருக்கும் பிஜிஎஸ் வகை, எழுத்தாக இல்லாமல் படமாக இருப்பது. செயலிக்கு அது தெரியாவிட்டால் சர்வர் வீடியோ முழுவதையும் மறுபடி உருமாற்றி, எழுத்தை அதில் பதித்து அனுப்பும். பழைய லேப்டாப் மூச்சுத் திணறும், படம் விட்டு விட்டு ஓடும், பழி வைஃபை மேல் விழும். நானும் இப்படி வீணாக ரௌட்டரை இடம் மாற்றியிருக்கிறேன். சப்டைட்டிலை அணைத்ததும் படம் சீராக ஓடினால், குற்றவாளி இந்த உருமாற்றம்தான். அதே படத்துக்கு எஸ்ஆர்டி கோப்பு ஒன்றைத் தேடிப் போடுங்கள். அணைத்தும் திணறினால் அப்போது வலையமைப்பைப் பாருங்கள். பல டிவிகளில் லேன் கேபிள் செருகும் துளையின் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். கனமான 4கே கோப்புக்கு அதைவிட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நன்றாக ஓடலாம்.

எழுத்து பேச்சோடு ஒட்டாமல் போவதற்கும் வழிக்கும் தொடர்பில்லை; அது கோப்பின் குறை. படத்தின் தொடக்கத்தில் ஒரு வசனம், கடைசியில் ஒரு வசனம் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் விஎல்சியில் ஜி, ஹெச் விசைகளை அழுத்தலாம். ஒரு தட்டுக்கு 50 மில்லி நொடி நகரும். விலகல் போகப் போக வளர்ந்தால், நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) ஓடும் பதிப்புக்குச் செய்த சப்டைட்டிலை 23.976 சட்டப் படத்தோடு போட்டிருக்கிறீர்கள், அல்லது அதற்கு நேர்மாறாக. 2 மணி நேரப் படத்தில் அது ஏறக்குறைய 5 நிமிடம் வரை போய்விடும். எவ்வளவு தட்டினாலும் இது ஒட்டாது. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் சட்ட வேகத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும். விஎல்சியில் தட்டிய திருத்தம் அந்த ஓட்டத்தோடு போய்விடும். கோப்பிலேயே சேமித்த திருத்தம், பென் டிரைவில் போட்டாலும் ஜெல்லிஃபினில் போட்டாலும் கூடவே வரும்.